சீனா விலகவில்லை, பாதை நீண்டிருக்கிறது
2023இல் அமெரிக்கா மிக அதிகமாக இறக்குமதி செய்த நாடாக மெக்சிகோ ஆனதைக் காட்டி, "அமெரிக்காவின் விநியோகச் சங்கிலியிலிருந்து சீனா வெளியேறிவிட்டது" என்று சிலர் வாதிடுகிறார்கள். முதல் பாதி உண்மை. ஆனால் முடிவு தவறு.

அமெரிக்கச் சுங்கத் துறை, கடைசியாகக் கணிசமான மாற்றம் (பாகங்கள் வேறொரு புதிய பொருளாக உருமாறுவது) நடந்த நாட்டையே பொருளின் பிறப்பிடமாகப் பதிந்து, முழு மதிப்பையும் அந்நாட்டின் கணக்கில் சேர்ப்பதால், உள்ளிருக்கும் பாகங்கள் எங்கிருந்து வந்தவை என்பது அந்தப் புள்ளிவிவரத்தில் தெரியாது. வியட்நாமைப் பாருங்கள். அதே ஆண்டில் அது அமெரிக்காவுக்கு விற்றது ஏறத்தாழ 9,700 கோடி டாலர்; சீனாவிடமிருந்து வாங்கியதோ 10,000 கோடி டாலருக்கும் மேல். அதில் பெரும்பகுதி மின்னணு பாகங்கள், இயந்திரங்கள், துணி, மூலப்பொருள்கள். தென்சீனத் துறைமுகங்களிலிருந்து முன்பு நேராகக் கப்பலேறிய சரக்கில் ஒரு பகுதி, இன்று பாகங்களாக லாரியில் லாங் சோன் எல்லையைக் கடந்து, பாக் நின் தொழிற்சாலைகளில் பொருத்தப்பட்டு, ஹாய் போங் துறைமுகம் வழியாகப் பசிபிக்கைக் கடக்கிறது.

சீனப் பொருள்கள்மீது அமெரிக்கா 2018இல் விதிக்கத் தொடங்கிய கூடுதல் வரிகள் பொருத்தும் இடத்தை மாற்றின என்பதை நான் மறுக்கவில்லை. வியட்நாமியத் தொழிலாளர்களுக்கு அது பெரிய வாய்ப்பு. ஆனால் பாக உற்பத்தி அதே வேகத்தில் இடம்பெயரவில்லை. சீனாவைச் சார்ந்திருப்பது குறைந்ததா என்று அறிய, இறுதி ஏற்றுமதி மதிப்பை விட்டுவிட்டு, ஒவ்வொரு நாட்டிலும் கூடும் மதிப்பைக் கணக்கிட வேண்டும்.