எக்ஸ் என்று எழுதினால் ஹ என்று படிக்கணும்

2015-ல் சோமாலியாவிலிருந்து பிரிந்து தன்னைத் தனி நாடென்று அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தின் பெயரைத் தாங்கி ஓர் ஆய்விதழ் வந்தது. ஆசிரியர் குழுவில் ஒரு சோமாலியர்கூட இல்லை. கொதித்த இளம் ஆய்வாளர்கள் ட்விட்டரில் 'அதான் ஸ்டடீஸ்' என்று ஹேஷ்டேக் போட்டார்கள். 'அதான்' என்றால் சோமாலியில் வெள்ளை. அந்தச் சொல் ஆங்கில 'சி'-யில் தொடங்குவதால் பலரும் 'கதான்' என்றே படித்தார்கள். எனக்கு அதுதான் பெரிய குறையாகப் படுகிறது: எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாமல் ஒரு சமூகத்தைப் பற்றிப் புத்தகம் போட்டுவிட முடிகிறது.

இத்தனைக்கும் இது கடினமே இல்லை. 1972 அக்டோபர் 21 அன்று சோமாலியாவின் சியாத் பர்ரே அரசு சோமாலி மொழிக்கு லத்தீன் எழுத்தை அறிவித்தது. மொழியறிஞர் ஷிரே ஜாமா அகமது வகுத்த முறை. சாதாரண தட்டச்சுப் பொறியே போதும், மேலே கீழே புள்ளி கிடையாது. சும்மா கிடந்த எழுத்துகளுக்கு வேலை கொடுத்தார்கள். 'சி' என்றால் அரபியின் ஐன், தொண்டையை இறுக்கி ஒலிக்கும் ஒரு மெய். 'எக்ஸ்' என்றால் தொண்டையிலிருந்து வரும் ஹ. 'டிஎச்' நம் 'வண்டி'யில் வரும் ட, தமிழருக்கு இலவசம். நெடிலுக்கு உயிரெழுத்தை இரண்டு முறை எழுதினால் போதும்.

ஐரோப்பிய வழக்கப்படி அலி, அகமது என்று எழுதினால் இரண்டும் அகரத்தில் தொடங்குவதாகத் தெரியும். சோமாலி முறையில் அலி 'சி'-யில் தொடங்கும், அதாவது மெய்யில். கவிதைக்கு வந்தால் இது உயிர் போகிற விஷயம். கபய் என்ற பாவகையில் முதல் அடியில் எடுத்த மோனை கடைசி அடி வரை மாறக்கூடாது. நூறு அடி போனாலும் அதே ஒலி, ஒவ்வொரு அரையடியிலும் ஒரு சொல்லாவது. எல்லா உயிர்களும் தமக்குள் மோனையாகும். ஐன் அந்தக் கூட்டத்தில் சேராது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் பதிப்பித்தால் மோனை சரியாக இருந்தும் தப்பாகத் தெரியும்.

யாப்பும் அப்படித்தான். குறிலுக்கு 1, நெடிலுக்கு 2 என்று மாத்திரை எண்ணும் முறை அது. வெளிநாட்டு அறிஞர்கள் மோனையை விளக்கினார்கள், சந்தம் பிடிபடவில்லை. 1976-ல் கவிஞர் காரியே ஒரு நாளிதழில் தொடர் எழுதித்தான் விதி வெளிவந்தது. பல்கலைக்கழகங்கள் தவறவிட்டதைப் பத்திரிகைக் கட்டுரை பிடித்தது.

நூலகத்தில் தேடுகிறவர்களுக்கு: பெயர் என்பது தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர். குடும்பப் பெயர் கிடையாது. கடைசிப் பெயரில் அடுக்கினால் தாத்தாவைத்தான் மேற்கோள் காட்டுவீர்கள். முதல் பெயரில் தேடுங்கள். பட்டப்பெயரிலும் தேடுங்கள், காரியே என்பதே பட்டப்பெயர்தான். ஊர்களுக்கு மூன்று எழுத்துக்கூட்டல் வேண்டும்: சோமாலி, ஆங்கிலம், இத்தாலி. போசாசோவைப் பழைய இத்தாலிய ஆவணங்களில் பந்தர் காசிம் என்று தேட வேண்டும்.

எழுத்துமுறைக்கும் ஒரு ஓட்டை உண்டு. சுரம் பதிவாகாது. 'இனன்' முதலசை உயர்ந்தால் பையன், இரண்டாவது உயர்ந்தால் பெண். தாளில் இரண்டும் ஒன்றே. சொல்லின் கடைசியில் ஆங்கில 'தி' போல ஒட்டும் சுட்டு, பையனுக்கு 'க' என்றோ பெண்ணுக்கு 'த' என்றோ வந்தால்தான் தெரியும். தெற்கு சோமாலியாவில் பைதோவா பக்கம் மாய் என்ற பேச்சைப் பேசுகிறவர்களிடம் போனால் ஐனும் தொண்டை ஹ-வும் இல்லவே இல்லை. வடக்கத்திப் பேச்சை வைத்து எழுதிய பாடநூலோடு அங்கே நேர்காணல் எடுக்கப் போனால் பாதி புரியாது.

அதனால் அச்சுப் பிரதியோடு ஒலிநாடாவையும் கேளுங்கள். 1988-ல் பர்ரே அரசின் குண்டுவீச்சுக்கு அஞ்சி, சோமாலிலாந்தின் தலைநகரான ஹர்கெய்சாவில் வானொலி நாடாக்களை மண்ணில் புதைத்துக் காப்பாற்றினார்கள். அங்குள்ள பண்பாட்டு மையத்தில் இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கேசட்டுகள் இருக்கின்றன.