சிரிப்புக்குள் ஒரு கேள்வி இருந்தது

நாடாளுமன்றத்தில் இப்போதும் சிரிப்புச் சத்தம் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் பெரும்பாலும் அது யாரையோ மட்டம் தட்டியதற்கான சிரிப்பு. பேசியவர் உட்கார்ந்த பிறகு, அவர் என்னதான் கேட்டார் என்று யோசித்தால் ஒன்றும் தேறுவதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

லடாக்கை ஒட்டிய அக்சாய் சின் பகுதியைச் சீனா பிடித்துக்கொண்ட சமயத்தில், அங்கே ஒரு புல்கூட முளைக்காது என்றார் நேரு. உடனே மகாவீர் தியாகி என்ற உறுப்பினர் தன் வழுக்கைத் தலையைக் காட்டி, இங்கேயும் ஒன்றும் முளைக்கவில்லை, அதற்காக இதையும் வெட்டிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். தியாகி எதிர்க்கட்சிக்காரர் இல்லை, நேருவின் சொந்தக் கட்சிக்காரர். யாரையும் அவர் இழிவுபடுத்தவில்லை. தன் தலையை வைத்தே பிரதமரின் வாதத்தை உடைத்துவிட்டார். ஒரு பக்கம் புள்ளிவிவரம் படித்திருந்தாலும் அந்தக் கேள்வி அவ்வளவு தெளிவாக விழுந்திருக்காது.

அண்ணாவின் காகமும் அப்படித்தான். பெரும்பான்மையோர் பேசுவதால் இந்திதான் ஆட்சிமொழி என்றால், எண்ணிக்கையில் அதிகமான காகத்தை விட்டுவிட்டு மயிலை ஏன் தேசியப் பறவை ஆக்கினீர்கள்? பள்ளிக்கூடம் போகாதவருக்கும் புரியும். இந்தி பேசுகிறவர் மனமும் புண்படாது. பதில் சொல்வதுதான் கஷ்டம்.

எதிர்க்கட்சிகளை அந்நிய நாட்டுக் கைக்கூலிகள் என்று ஆளுங்கட்சி சொல்லிக்கொண்டிருந்தபோது, எதிர்க்கட்சி உறுப்பினர் பீலு மோடி 'நான் சிஐஏ ஏஜெண்ட்' என்று எழுதிய அட்டையை மாட்டிக்கொண்டே அவைக்குள் வந்தார். அப்புறம் நெருக்கடி நிலையில் அவரையும் சிறையில் போட்டார்கள் என்பது வேறு கதை.

சரி, இன்று ஏன் ஒரு மகாவீர் தியாகி இல்லை? அவையில் பேசியதற்காக எந்த உறுப்பினர் மீதும் வழக்குப் போட முடியாது, அரசியலமைப்பின் 105ஆவது பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. ஆனால் 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகும். அந்தச் சட்டம் பேச்சைத் தடுக்கவில்லை. இருந்தாலும், தலைமைக்கு எதிரே நிமிர்ந்து நிற்கும் பழக்கத்தை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது என்றே நான் நம்புகிறேன். மிஞ்சியிருப்பது எதிர் வரிசையைப் பார்த்து வீசும் கிண்டல் மட்டும்தான். அதுவும் பெண் உறுப்பினர் பேச எழுந்தால் எந்தத் திசையில் போகிறது என்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்!

கேலிச்சித்திரக்காரர் சங்கரிடம் 'என்னை விட்டுவைக்காதே' என்று சொன்னவர் நேரு. அந்தச் சங்கரின் வார இதழ், நெருக்கடி நிலை வந்த 1975இல் நின்றுபோனது.