வன்னிப் பிள்ளைகளுக்கும் நீச்சல் தடாகம் வேண்டும்

2016இல் குவாஹாத்தியில் நடந்த தெற்காசிய விளையாட்டு விழாவில் இலங்கை நீச்சல் வீரர் மத்தியூ அபேசிங்க 7 தங்கம் வென்றதை வாசித்ததும், வடக்கே வன்னியில் இருக்கும் எங்கள் பிள்ளைகளின் ஞாபகம்தான் வந்தது. இரணைமடு வாய்க்காலிலும் முத்தையன்கட்டுக் குளத்திலும் நீந்தி வளரும் பிள்ளைகளுக்குத் துணிவிலும் மூச்சிலும் குறைவே இல்லை. ஆனால் போட்டி வேறு. 50 மீற்றர் தடாகத்தில் 200 மீற்றர் நீந்துபவர் 3 முறை சுவரில் திரும்ப வேண்டும். பிரீஸ்டைல் நீச்சலில் என்றால், தண்ணீருக்குள் குட்டிக்கரணம் அடித்து, இரண்டு காலாலும் சுவரை உதைத்து, 15 மீற்றருக்குள் தலையை வெளியே எடுக்க வேண்டும். குளத்தில் ஏது சுவர்? இதைப் பழகாத பிள்ளை எவ்வளவு கெட்டி என்றாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் பின்தங்கும். பிறகு, தடாகம் மட்டும் போதாது. விடியக் காலையில் கரையில் நின்று திருத்தப் பயிற்றுநரும் வேண்டும். அபேசிங்க போன்றவர்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஒருமுறை வந்து, எங்கள் பிள்ளைகளோடு தண்ணீரில் இறங்கிச் சொல்லிக்கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும்.