மரம் ஜெருசலேமில், சுவர் மட்டாஞ்சேரியில்

கேரள யூதர்களின் பழைய பள்ளிகளைப் (தொழுகைக்கூடங்களைப்) பற்றிப் பேச்சு வந்தாலே, “நம் மரவேலைப்பாட்டை இஸ்ரேலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்” என்று சிலர் கொதிக்கிறார்கள். எனக்கு அந்தக் கோபத்தில் உடன்பாடில்லை.

கொச்சியின் மட்டாஞ்சேரியில் கடவும்பாகம் யூதப் பள்ளி இருந்தது. 1544-இல் கட்டியது. உலகமே வந்து பார்க்கும் பரதேசிப் பள்ளி (1568) அதற்கு இளையது. இருந்தும் மூத்ததை எட்டிப்பார்க்க ஆள் இல்லை. 1950-களில் மலபார் யூதர்களில் (கேரளத்தில் நெடுங்காலமாக வாழ்ந்த யூதர்கள்) பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பிறகு கட்டடம் தனியார் கைக்குப் போய்க் கிடங்காயிற்று. 1990-களில் அதன் உள்மரவேலையை ஜெருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகம் வாங்கிச் சீர்செய்து காட்சிக்கு வைத்தது. எஞ்சிய கட்டடம் 2019 செப்டம்பர் மழையில் இடிந்து விழுந்தது. மரம் இங்கேயே இருந்திருந்தால் அதுவும் அந்தச் சேற்றில்தான் கிடந்திருக்கும்.

இதற்கு மாறாகக் கொச்சிக்கு வடக்கேயுள்ள பரவூரைப் பாருங்கள். 1616-இல் தாவீது யாக்கோபு காஸ்தியேல் முதலியார் எழுப்பிய பள்ளி அது. (கொச்சி மன்னர் யூதத் தலைவருக்குக் கொடுத்த பட்டம் முதலியார், நம் ஊர் முதலியார்கள் உறவு தேடிக் கிளம்ப வேண்டாம்.) வாயில் கட்டடம், அதையொட்டி நீளும் நடை, முற்றம், அதற்கப்பால் தொழுகைக்கூடம் என்று எல்லாம் ஒரே நேர்கோட்டில். மாடியில் மறைநூல் வாசிக்க இரண்டாவது மேடை. அதன் பின்னே மரத்தட்டிக்கு அப்பால் பெண்கள் இருக்க இடம். மாடியில் மேடை வைப்பது கேரளப் பள்ளிகளுக்கே உரிய வழக்கம். கேரள அரசின் மரபுச்சின்னப் பாதுகாப்புத் திட்டமான முசிறித் திட்டத்தில் இந்தப் பள்ளியைச் செப்பனிட்டு அருங்காட்சியகமாக்கினார்கள். யூத மறைநூலான தோராவை வைக்கும் பழைய பேழையும் ஜெருசலேமுக்குப் போய்விட்டது. பரவூரில் இருப்பது நகல். எனக்கு அதில் குறையில்லை. சுவரும் ஓடும் மரப்படியும் அந்த மண்ணிலேயே நிற்கின்றன, உள்ளே நடந்தால் அந்த மக்கள் எப்படிக் கூடினார்கள் என்பது விளங்குகிறது. கண்ணாடிக்குப் பின்னால் வைத்த பேழை அதைச் சொல்லாது.

பரவூருக்கு அருகிலுள்ள சேந்தமங்கலத்துப் பள்ளியை 2005-இலேயே புதுப்பித்துத் திறந்துவிட்டார்கள். ஆக, வேலை தெரிந்த கைகள் இருந்தன, பணமும் இருந்தது. அங்கிருந்து மட்டாஞ்சேரி ஒரு பஸ் பயணத் தொலைவுதான். கடவும்பாகத்துக்கு மட்டும் ஏன் கை நீளவில்லை? தனியார் சொத்து என்பார்கள். தனியார் சொத்தென்றால் கிரயம் பேசி வாங்கியிருக்கலாம். பேரம் படியவில்லையென்றால் முதலில் ஒழுகும் கூரைக்காவது ஓடு போட்டுக் கொடுத்திருக்கலாம். இரண்டுக்கும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் இருந்தது. ஜெருசலேமைத் திட்டுகிறவர்கள் இதையும் ஒருமுறை திருவனந்தபுரத்தில் கேட்கட்டும்.