சம்டர் கவுண்டியில் சாவு அதிகம், ஆனால் காரணம் மோசமான மருத்துவ வசதி இல்லை

"அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து சம்டர் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) லட்சம் பேருக்கு இறப்பு மாநில சராசரியை விட மிக அதிகம், அப்படியென்றால் மருத்துவ வசதி படுமோசம்" என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எண் சரி, முடிவு தப்பு.

அது மொத்த இறப்பை மக்கள்தொகையால் வகுத்த வெறும் விகிதம். தி வில்லேஜஸ் என்ற பிரம்மாண்டமான ஓய்வுபெற்றோர் குடியிருப்பின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. கவுண்டியில் பாதிப் பேருக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். பிறகு சாவு கூடாமல் என்ன செய்யும்?

பார்க்க வேண்டியது வயதுக்கேற்பச் சரிசெய்த விகிதம். ஒவ்வொரு வயதுப் பிரிவின் இறப்பு விகிதத்தையும் தனித்தனியே எடுத்து, 2000ஆம் ஆண்டின் நியம மக்கள்தொகையில் (எல்லா ஊர்களுக்கும் பொதுவான அளவுகோலாக வைத்திருக்கும் வயதுப் பங்கீடு) அந்தப் பிரிவுக்கு என்ன பங்கோ அதால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். கையால் போடத் தேவையில்லை. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி நடத்தும் வொண்டர் என்ற புள்ளிவிவரத் தளத்தில் இதற்கென ஒரு பெட்டி உண்டு, டிக் செய்தால் போதும். செய்து பாருங்கள், சம்டர் மாநில சராசரிக்குக் கீழே போய்விடும். (சின்னக் கவுண்டிகளில் இதையே செய்தால் ஜாக்கிரதை: 20க்குக் குறைவான இறப்புகளில் வரும் விகிதத்தை அந்தத் தளமே நம்பத்தகாதது என்கிறது, 10க்குக் கீழே எண்ணையே மறைத்துவிடும்.)

இன்னொன்று, இந்தப் புள்ளிவிவரத்தில் இறப்பு சேர்வது இறந்தவர் குடியிருந்த கவுண்டியில். சம்டர்வாசி ஓர்லாண்டோ மருத்துவமனையில் இறந்தாலும் கணக்கு சம்டருக்குத்தான். இதை வைத்து உள்ளூர் மருத்துவமனைக்கு மார்க் போட முடியாது. வசதியைப் பற்றித்தான் பேச்சு என்றால், 65 வயதுக்குட்பட்டவர்களில் எத்தனை பேருக்குக் காப்பீடு இல்லை என்று பாருங்கள். மூத்தவர்களுக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு இருப்பதால் எல்லா வயதையும் சேர்த்த சராசரி அதை மறைத்துவிடும்.