ரேஸ் கார் முன்கண்ணாடி: இறுக்கினால் பலம் வராது, விரிசல்தான் வரும்

"பாலிகார்பனேட் முன்கண்ணாடியை சி.எஸ்.கே. ஸ்க்ரூவில் த்ரெட்லாக்கர் பசை தடவி, முடிந்தவரை இறுக்குங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு யோசனை சுற்றுகிறது. (பாலிகார்பனேட் என்பது கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக்; சி.எஸ்.கே. என்பது தகட்டுக்குள் பதியும்படி அடிப்பக்கம் சரிந்த தலை கொண்ட ஸ்க்ரூ; த்ரெட்லாக்கர் என்பது மரை கழலாமல் பிடிக்கும் திரவப் பசை.) தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பாலிகார்பனேட் சூட்டில் இரும்பைவிட ஐந்தாறு மடங்கு விரியும். 1.2 மீட்டர் தகடு 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். இரும்புச் சட்டமோ அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். நகர இடமில்லாவிட்டால் ஓட்டையிலிருந்தே விரிசல் கிளம்பும். சி.எஸ்.கே. தலையின் சரிவு ஆப்பு போல அதைப் பிளக்கும். திரவப் பசை இன்னும் மோசம்: இறுக்கத்தில் இருக்கும் பாலிகார்பனேட்டில் பட்டால் அதுவே விரிசல் விடவைக்கும்.

சரி, எதைப் போடுவது? பட்டன் தலை போல்ட் (மேலே உருண்டு, அடியில் தட்டையான தலை), அகல வாஷர், அதனடியில் ரப்பர் வாஷர், பின்னால் நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் எளிதில் கழலாத நட்). ஓட்டை போல்ட்டைவிட 3 மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும். ரப்பர் லேசாக அமுங்கியதும் நிறுத்திவிடுங்கள்.