பழைய மதிப்பெண்ணோடு கதை முடியவில்லை

"பத்தாவதில் 75 சதவீதம், சாதாரணப் பொறியியல் கல்லூரி, ஐடி வேலை என்றால் ஐஐஎம்மை மறந்துவிடுங்கள்" என்ற கட்டுரையின் முடிவை ஏற்க முடியவில்லை. எம்பிஏ படிப்புக்கான ஐஐஎம்கள் ஒவ்வொன்றும் பழைய மதிப்பெண்ணுக்குத் தரும் எடை வேறு. சேர்க்கைக் கொள்கைகளைத் தரவிறக்கி உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். குறைவாக அடிபடும் இடங்களுக்கு முதலில் குறி வையுங்கள்.

ஐஐஎம் நுழைவுத் தேர்வான கேட் (CAT) தேர்வில் மூன்று பிரிவு, தலா 40 நிமிடம், தனித்தனி கட்-ஆஃப். கணக்கில் அள்ளிக்கொண்டு ஆங்கில வாசிப்பில் கோட்டை விட்டால் மொத்த மதிப்பெண் காப்பாற்றாது.

பலர் தோற்பது ரெஸ்யூமேயில். 'பேமென்ட் மாட்யூலில் பணியாற்றினேன்' என்ற வரி எதையும் சொல்லவில்லை. 'மாதக் கடைசி ரிப்போர்ட்டுக்கு 3 நாள் பிடித்தது. ஸ்கிரிப்ட் எழுதி 4 மணி நேரமாக்கினேன். இன்னும் 2 குழுக்கள் அதையே பயன்படுத்துகின்றன' என்று எழுதினால் நேர்முகத்தில் அடுத்த கேள்வி அங்கிருந்தே வரும். அதற்குப் பதில் உங்கள் கையில் இருக்கும்.

கடைசி நேரத்தில் வாங்கும் தன்னார்வச் சான்றிதழ் வேண்டாம். இரண்டாவது கேள்வியிலேயே வெளுத்துவிடும். அந்த நேரத்தில் பட்டப்படிப்புப் பாடம் இரண்டைத் தூசி தட்டுங்கள், அதைக் கட்டாயம் தோண்டுவார்கள்.